ஸர் தாமஸ் மன்றோ: கும்பினி ஊழியத்தில் குடிகளின் பக்ஷம்

சங்ககிரி மலையைக் காணுந்தோறும் நம்மவர் உள்ளத்தில் முதலில் எழுவது வீரர் தீரன் சின்னமலையின் நினைவேயாகும். 1805-ம் வருஷம் ஜூலை மாதம் 31-ந் தேதி அவரைக் கும்பினியார் இக்கோட்டையில் தூக்கிலிட்டனர். ஆண்டுதோறும் ஆடித் திங்களில் அவருக்கு மாலை சூட்டி வணங்கும் நாம், அதே கும்பினியின் சோற்றை உண்டு, அதன் வாளைத் தாங்கி, முடிவில் அதன் கவர்னராகவும் விளங்கிய ஓர் ஆங்கிலத் துரையின் சரித்திரத்தை இப்பத்திரிகையில் எழுதப் புகுவது அன்பர் சிலருக்கு வியப்பைத் தரலாம். சிலருக்கு வருத்தத்தையும் தரலாம். அன்னார் சற்றுப் பொறுத்து முற்றும் படித்தருளுமாறு வேண்டுகின்றோம்.

யாம் இதனை எழுதுதற்குக் காரணம் இரண்டு. நம் வீட்டுப் பெட்டிகளில் பத்திரமாய் வைத்துக் காக்கும் நிலப்பட்டா என்னும் காகிதத்தின் பூர்வீகம் இவர் உழைத்த நாட்களைச் சார்ந்தது என்பது ஒன்று. வியாபாரம் செய்யும் ஒரு கூட்டம் அரசாட்சியும் செய்யத் தலைப்பட்டால் குடிகளுக்கு விளைவது யாது என்பதை, அக்கூட்டத்தின் உள்ளிருந்தே கண்டு வெளியே எடுத்துரைத்தவர் இவர் என்பது மற்றொன்று. பெருங் கம்பெனிகளும் அரசாங்கமும் ஜனசமூகமும் எங்ஙனம் ஒன்றையொன்று வரம்பில் நிறுத்துவது என்று உலகம் ஆராயும் இந்நாளில், அவ்வாராய்ச்சிக்குரிய பழைய உதாரணம் நம் சேலம் ஜில்லாவிலேயே கிடக்கிறது.

கும்பினி என்பது யாது?

கிழக்கிந்தியக் கும்பினி 1600-ம் வருஷம் டிசம்பர் 31-ந் தேதி இங்கிலாந்து ராணியின் சாஸனத்தால் தோன்றிய வர்த்தக சங்கம். பங்குதாரருக்கு லாபம் தேடுவதே அதன் பிறப்பின் நோக்கம். மிளகும் துணியும் வாங்கி விற்ற அச்சங்கம் 1765-ல் வங்காளத்தின் திவானி உரிமையைப் பெற்றது. அன்று முதல் வரி வாங்கும் கையும் சரக்கு வாங்கும் கையும் ஒன்றாயின. குடிகளிடம் தண்டிய வரிப்பணத்தைக் கொண்டே குடிகள் நெய்த துணியை வாங்கிக் கப்பலேற்றும் விந்தை நிகழ்ந்தது. இவ்வதிகாரத்தைக் கட்டுப்படுத்த இங்கிலாந்துப் பார்லிமெண்டு 1773-லும் 1784-லும் சட்டங்கள் இயற்றியது. எனினும் கடலுக்கப்பால் இயற்றிய சட்டம் நம் சிற்றூர்ச் சாவடிக்கு வந்து சேர்வது எளிதன்று. இடையில் நிற்கும் உத்தியோகஸ்தன் எப்படிப்பட்டவன் என்பதைப் பொறுத்தே குடிகளின் வாழ்வும் தாழ்வும் அமைந்தன.

பிறப்பும் இளமையும்

தாமஸ் மன்றோ 1761-ம் வருஷம் மே மாதம் 27-ந் தேதி ஸ்காத்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். தந்தையார் அலெக்ஸாந்தர் மன்றோ அமெரிக்காவின் வர்ஜீனியாவோடு புகையிலை வாணிகம் செய்தவர். அமெரிக்கர் சுதந்திரப் போர் தொடங்கியதும் அவ்வாணிகம் கவிழ்ந்தது, குடும்பம் வறுமையுற்றது. கிளாஸ்கோ சர்வகலாசாலையில் கற்ற மைந்தர் பிழைப்பை நாடிக் கடல் கடக்க நேர்ந்தது. 1780-ம் வருஷம் ஜனவரி மாதம் கும்பினிப் பட்டாளத்தில் இளம் பயிற்சி வீரராகச் சென்னையில் வந்திறங்கினார்.

சிறு பிராயத்தில் கண்ட மணல்வாரி நோயால் அவருக்குக் காது சற்று மந்தமாயிருந்தது. ஆயினும் பிற்காலத்தில் குடிகளின் முறையீட்டை அவரைப் போல் செவிமடுத்தவர் சிலரே. ஹைதர் அலியோடு நிகழ்ந்த போரிலும், பின்னர்த் திப்பு சுல்தானோடு 1790 முதல் 1792 வரை நிகழ்ந்த போரிலும் அவர் பணி புரிந்தார். பாசறையில் இருந்த காலத்தை வீண்போக்காது பாரசீகமும் ஹிந்துஸ்தானியும் கற்றார். சம்பளத்தில் ஒரு பகுதியை ஊரிலிருந்த பெற்றோர்க்கு அனுப்பி வந்தார். வாணிகம் கவிழ்ந்தால் ஒரு குடும்பம் படும் பாட்டை இளமையிலேயே கண்டவராதலின், பிறர் வீட்டுக் கஷ்டமும் அவர் நெஞ்சிற்குப் புலனாயிற்று போலும்.

பாரமகாலில் ஏழு வருஷம்

1792-ம் வருஷத்து ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் தம் நாட்டில் பாதியைக் கொடுத்தனர். அதில் பாரமகாலும் சேலமும் சங்ககிரியும் அடங்கும். புதிதாய் வந்த இந்நாட்டைப் பரிபாலிக்கச் சென்னைச் சிவில் உத்தியோகஸ்தரை அனுப்பக் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் பிரபு விரும்பினாரில்லை. அவர்களிற் பலர் நாட்டு மொழி அறியாதவர், கைச்சுத்தமும் குறைந்தவர் என்பது அவர் கருத்து. ஆகவே பட்டாளத்தைச் சேர்ந்த காப்டன் அலெக்ஸாந்தர் ரீட் துரையைத் தலைவராகவும், மன்றோ முதலிய இளைஞரை உதவியாளராகவும் நியமித்தார்.

மன்றோ தருமபுரியை இருப்பிடமாகக் கொண்டார். இருப்பிடம் என்பது பெயரளவே. வருஷத்திற் பெரும் பகுதி கூடாரத்தில் கழிந்தது. ஊர்தோறும் சென்று, மணியகாரர் கணக்கர் சொல்வதை மட்டும் நம்பாமல், வயல்தோறும் நடந்து பார்ப்பது அவர் வழக்கம். ரீட் துரையின் தலைமையில் நிலங்கள் அளக்கப்பட்டன, மண்ணின் தரம் பிரிக்கப்பட்டது, ஒவ்வொரு வயலுக்கும் தீர்வை குறிக்கப்பட்டது. இன்ன குடியானவன், இன்ன நிலம், இவ்வளவு தீர்வை என்று எழுதிய பட்டா அவனவன் கையிலேயே கொடுக்கப்பட்டது. தான் விரும்பும் நிலத்தை ஏற்று உழவும், இயலாததை விட்டுவிடவும் குடியானவனுக்கு இடம் தரப்பட்டது. பின்னர் ரயத்துவாரி என்று பெயர் பெற்ற முறை இதுவே. அதன் தொட்டில் நம் ஜில்லா என்பதை நம் சிறுவர் அறிதல் வேண்டும்.

இதனால் விளைந்த நன்மை யாது? அதற்கு முன் ஊருக்கு மொத்தமாய் வரி கட்டப்படும். அதைப் பங்கிடும் அதிகாரம் வலியோரிடம் இருக்கும். எளியவன் தன் பங்கு எவ்வளவென்று அறியான், கொடுத்ததற்குச் சாட்சியும் இராது. பட்டா வந்த பின் அவன் கடமை எழுத்தில் நின்றது. எழுத்தில் நின்ற கடமைக்கு எல்லை உண்டு. அதிகாரத்திற்கு அணை போடும் முதற்கல் கணக்கே என்னும் உண்மையை இதனால் அறிகின்றோம்.

ஆனால் குறையையும் மறைத்தல் தகாது. தீர்வை கடுமையாகவே இருந்தது. விளைவில் பெரும் பங்கு கும்பினியின் பெட்டிக்குச் சென்றது. இதனை மன்றோவே நன்குணர்ந்தார் என்பது அவரது பிற்காலச் செய்கையால் விளங்கும்.

தறிக்காரரும் காவற்காரரும்

பாரமகாலில் மன்றோ கண்டது வயல் மட்டுமன்று, தறியையுங் கண்டார். நம் சேலத்துச் சீமையின் துணி அந்நாளில் கும்பினியின் கப்பல்களுக்கு வேண்டிய சரக்கு. அதனைச் சேகரிக்கக் கும்பினியின் வர்த்தக உத்தியோகஸ்தர் தனியே இருந்தனர். அவர்கள் செய்த முறையைப் பல வருஷங்களுக்குப் பின், 1813-ம் வருஷத்தில், பார்லிமெண்டு சபையார் முன் சாட்சியாக நின்று மன்றோ வெளியிட்டார். தலைமையான நெசவுகாரரைக் கும்பினி ஊழியர் ஓரிடத்தில் கூட்டி வைத்து, கும்பினிக்கன்றிப் பிறருக்கு நெய்வதில்லை என்று உடன்படிக்கை எழுதிக் கொடுக்கும் வரையில் அவர்கள்மேல் காவல் வைத்தனர் என்பதே அச்சாட்சியத்தின் சாரம்.

இதனை 1902-ல் வெளியான தம் பொருளாதாரச் சரித்திர நூலில் ஸ்ரீ ரொமேஷ் சந்திர தத்தர் எடுத்துக் காட்டி, அம்முறையின் மற்ற அங்கங்களையும் விவரிக்கிறார். ஒருமுறை முன்பணம் பெற்ற நெசவுகாரன் அக்கடனினின்றும் மீள்வது அரிது. துணி தாமதித்தால் சேவகன் ஒருவன் அவன் வீட்டு வாயிலில் நிறுத்தப்படுவான். அச்சேவகனுக்கு நாளொன்றுக்கு ஓரணா நெசவுகாரனே கொடுக்க வேண்டும். சேவகன் கையிற் பிரம்பும் இருக்கும். அபராதம் கட்ட இயலாவிடின் வீட்டுப் பித்தளைப் பாத்திரங்கள் பறிமுதலாகும். வாங்குவோனே விலை கூறி, வாங்குவோனே காவல் வைத்து, வழக்கென்று போனால் வாங்குவோனின் நியாயஸ்தலமே தீர்ப்பும் கூறுமாயின், விற்போன் எங்கே போவான்?

கும்பினிச் சாஸனத்தைப் புதுப்பிப்பதா என்று விவாதம் நடந்த சமயம் அது. சம்பளம் கொடுக்கும் எஜமானரின் குற்றத்தைத் தேசத்தார் சபையில் வெளியிடுதல் எளிய காரியமன்று. மன்றோ அத்துடன் நில்லாது, ஐரோப்பியச் சரக்கு இந்தியாவில் மிகுதியாய் விலைபோகாது, இந்தியர் தம் தேவையைத் தாமே செய்து கொள்ளும் திறமுடையர் என்றும் உரைத்தார். தாம் ஓர் இந்தியச் சால்வையை ஏழு வருஷம் உபயோகித்தும் அது புதிது போலவே இருந்தமையை உதாரணம் காட்டினார். நாகரிகமே சரக்காக இரு தேசங்களுக்கிடையே மாறுமாயின் லாபமடைவது இங்கிலாந்தே என்னும் கருத்தையும் தெரிவித்தார். அவ்வருஷத்துச் சட்டம், தேயிலையும் சீன வர்த்தகமும் நீங்கலாக, இந்திய வாணிகத்தில் கும்பினிக்கிருந்த தனியுரிமையை ஒழித்தது. அதற்கு வேறு காரணங்களும் பல உண்டு. இங்கிலாந்து ஆலைக்காரரின் ஆசையும் அவற்றுள் ஒன்று. ஆதலின் மன்றோ ஒருவரால் அது நிகழ்ந்ததென்று யாம் புகழ்ந்துரைக்க மாட்டோம். உண்மை கூற வேண்டிய இடத்தில் அவர் அதனைக் கூறினார் என்பதே போதும்.

மிட்டாக்களும் தீர்வைக் குறைப்பும்

1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பின் மன்றோ கன்னட தேசத்திற்கும், 1800-ல் பல்லாரி, கடப்பை முதலிய ஜில்லாக்களுக்கும் மாற்றப்பட்டார். அங்கே பாளையக்காரரை அடக்குவதில் அவர் கும்பினியின் கடுமையான கையாகவே இருந்தார். சின்னமலையை வணங்கும் நாம் இதனையும் மறவாது குறித்துக் கொள்ளல் வேண்டும்.

அவர் நீங்கிய பின் நம் சேலம் ஜில்லா அடைந்த கதி வேறு. வங்காளத்து ஜமீன் முறையை எங்கும் பரப்ப வேண்டுமென்ற கட்டளையால் 1802 முதல் இந்நாடு மிட்டாக்களாகத் துண்டிடப்பட்டு ஏலத்தில் விற்கப்பட்டது. குடியானவன் கையில் பட்டா கொடுத்த நாட்டிலேயே குடியானவனுக்கு மேல் மிட்டாதார் அமர்ந்தனர். பணம் கட்ட இயலாமல் பல மிட்டாக்கள் முறிந்து சர்க்காரிடம் திரும்பின. எஞ்சியவை 1948-ம் வருஷத்து எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வரும் வரையில் நீடித்தன. பெருமுதலிடம் நிலத்தை ஒப்புவித்துவிட்டால் சர்க்காருக்கு வரி தண்டும் தொல்லை குறையும். குடியின் குரலோ சர்க்காரின் செவிக்கு எட்டாது போகும்.

மன்றோ 1807-ல் தாய்நாடு திரும்புமுன், தம் ஜில்லாக்களில் தீர்வையை 100-க்கு 25 வீதமும், கிணறு ஏரிப் பாசன நிலங்களுக்கு மூன்றில் ஒரு பங்கு வரையிலும் குறைக்க வேண்டுமென்று எழுதினார். பணமுடையைக் கருதிய கும்பினியார் அதனை ஏற்கவில்லை. 13 வருஷம் கழித்து, 1820-ல், அவரே சென்னைக் கவர்னராய் வந்தார். வந்தவுடன் மறுக்கப்பட்ட அக்குறைப்பை நடைமுறைக்குக் கொணர்ந்தார். ரயத்துவாரியும் சென்னை இராஜதானியின் பொது முறையாயிற்று. கீழ்ப்படியில் நின்றபோது கூறிய தர்மத்தை மேற்படி ஏறியதும் மறப்பவர் பலர். மன்றோ மறவாதவர். இது யாம் அவரிடம் மிகவும் மதிக்கும் குணம்.

கவர்னர் மன்றோ

1816-ல் அவர் முயற்சியால் அமைந்த சட்டங்கள் ஊர்த் தலைவருக்குச் சிறு வழக்குகளைத் தீர்க்கும் அதிகாரத்தையும், பஞ்சாயத்துகளுக்கு இடத்தையும், ஜில்லா முனிசீபு உத்தியோகத்தையும் தந்தன. உள்நாட்டாரை உயர்ந்த உத்தியோகங்களினின்றும் விலக்கி வைப்பது அவர்களது ஒழுக்கத்தையே கெடுப்பதாகும் என்று 1824-ம் வருஷக் கடைசியில் எழுதிய நீண்ட குறிப்பில் அவர் வாதித்தார். இந்நாடு என்றும் தம்மவர்க்கே உரியதென்று அவர் எண்ணினாரில்லை. ஜனங்கள் தம்மைத் தாமே ஆளும் நாள் வருதல் வேண்டும் என்னும் கருத்தும் அக்குறிப்பில் உண்டு.

1822-ல் இராஜதானி முழுதும் பள்ளிக்கூடங்களைக் கணக்கெடுக்கச் செய்தார். 12,498 பள்ளிகளும், அவற்றில் 1,88,650 மாணாக்கரும் இருப்பதாகக் கணக்கு வந்தது. வீட்டிற் கற்போர் இதனிற் சேரார். இதனை ஆதாரமாகக் கொண்டு 1826-ல் ஜில்லாத் தலைநகர்களிலும் தாலூகாக்களிலும் சர்க்கார் செலவில் பள்ளிகள் வைக்கத் திட்டமிட்டார். வரி வாங்குவோர் கல்வியும் தர வேண்டும் என்னும் எண்ணம் கும்பினியின் கணக்குப் புத்தகத்தில் அரிதாய் இருந்த காலம் அது.

இத்தனை நற்குணங்களோடு ஒரு பெருங்குறையும் அவரிடம் இருந்தது. 1822-ல் பத்திரிகைகளுக்குச் சுதந்திரம் தருதல் கூடாதென்று எழுதினார். அந்நியர் ஆட்சியும் சுதந்திரப் பத்திரிகையும் ஒருங்கே நிலைபெறா என்பது அவர் நியாயம். இங்கேதான் நல்ல உத்தியோகஸ்தனின் எல்லை புலப்படுகிறது. குடிகளுக்காகத் தாம் பேச அவர் ஆயத்தமாயிருந்தார். குடிகள் தாமே அச்சிட்டுப் பேசுவதை மட்டும் அவரால் பொறுக்க இயலவில்லை. காவலன் நல்லவனாயிருப்பது பாக்கியமே. அவனுக்குப் பின் வருபவன் நல்லவன் என்பதற்கு உறுதி யாது? வாய் திறக்கும் உரிமை குடிகளிடம் இல்லையேல், நற்காவல் ஓர் ஆயுட்காலத்தோடு முடியும்.

மரணம்

பதவியை விட்டு ஊர் திரும்ப அவர் விரும்பியும், பர்மா யுத்தம் மூண்டமையால் தங்க நேரிட்டது. மனைவியார் நோயுற்ற குழந்தையோடு முன்னரே கப்பலேறினார். பழைய ஜில்லாக் குடிகளிடம் விடைபெற வேண்டிப் பிரயாணம் செய்தபோது, 1827-ம் வருஷம் ஜூலை மாதம் 6-ந் தேதி பத்திகொண்டா என்னும் ஊரில் வாந்திபேதி கண்டு உயிர் நீத்தார். கூத்தியில் அடக்கம் செய்யப்பட்ட அவர் உடல் பின்னர்ச் சென்னைக் கோட்டை மாதாகோயிலுக்குக் கொணரப்பட்டது. சென்னையில் சேணமும் அங்கவடியும் இல்லாத குதிரைமேல் அவர் வீற்றிருக்கும் சிலையை நம்மிற் பலர் கண்டிருப்பர். கும்பினியோ 1833-ல் வாணிகத்தையும், 1858-ல் ஆட்சியையும் இழந்து, 1874-ல் பெயரும் அற்றுப்போயிற்று.

நமக்கு உரியது

அன்பர்காள்! இச்சரித்திரத்தை யாம் கூறியது மன்றோ துரைக்குப் புகழ்மாலை சூட்டுதற்கன்று. விற்பனை செய்யும் கையும் தண்டிக்கும் கையும் ஒன்றாதல் கூடாது; எளியவன் கடமைக்கு எழுத்தும் எல்லையும் வேண்டும்; அவன் குறையைக் கூற வாயும் திறந்திருத்தல் வேண்டும். இம்மூன்றும் சேர்ந்தால்தான் பெருமுதலுக்கும் அரசுக்கும் சமூகத்திற்கும் இடையே துலாக்கோல் நேர் நிற்கும். மன்றோ முதலிரண்டிற்கு உழைத்தார், மூன்றாவதைக் கைவிட்டார்.

இந்நாளில் சட்டம் பெருங் கம்பெனிகளை நோக்கி, லாபத்தில் ஒரு பங்கைச் சமூகத்திற்குச் செலவிடுக என்கிறது. 2013-ம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத்தின் 135-வது பிரிவு, குறிப்பிட்ட அளவினும் பெரிய கம்பெனிகள் முந்தைய 3 வருஷச் சராசரி லாபத்தில் 100-க்கு 2 வீதம் அங்ஙனம் செலவிட வேண்டுமென விதிக்கிறது. நன்று. ஆனால் பள்ளிக்கூடத்திற்குக் கட்டடம் தருவது, தொழிலாளிக்கு நியாயமான கூலி தருவதற்கு ஈடாகாது.

இனி நம்மையே நோக்குவோம். ஏரும் தறியும் நம்பிய நம் குடும்பங்களிற் பல இன்று லாரிகளும் விசைத்தறிகளும் உடைய முதலாளிகளாய் உயர்ந்துள்ளன. மகிழ்ச்சியே. ஆயின் பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கங்களில் முன்பணம் வாங்கிய தொழிலாளி, அக்கடன் தீராமையால் வேறு தறிக்குப் போக இயலாது கட்டுண்டு கிடக்கும் வழக்கம் முற்றும் ஒழிந்ததென்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல வல்லமோ? 1976-ம் வருஷத்துச் சட்டம் கொத்தடிமையை ஒழித்தது. சட்டம் ஒழித்ததை நம் பேரேடு உயிர்ப்பித்தல் தகுமோ? 200 வருஷங்களுக்கு முன் நம் முன்னோர் வாயிலில் கும்பினி நிறுத்திய சேவகனை, இன்று நாம் பிறர் வாயிலில் நிறுத்துவோமாயின், சின்னமலைக்கு மாலை சூட்டும் தகுதி நமக்கு ஏது?

நம் சங்கத்தைச் சேர்ந்த தொழிலதிபர் ஒவ்வொருவரும் தம்மிடம் முன்பணம் பெற்றோர் கணக்கைத் தெளிவாய் எழுதி, அதன் பிரதியைத் தொழிலாளி கையிலும் கொடுப்பாராக. அதுவே அவனுக்கு நாம் கொடுக்கும் பட்டா. அன்னதோர் ஏடு ஒவ்வொரு தறிக்குடியிலும் இருக்குமாயின், கோட்டையின் மேலே உயிர் நீத்தவர்க்கும் கீழே வாழும் எளியோர்க்கும் நாம் செய்யும் மரியாதை ஒன்றாகவே அமையும்.